கட்டைவிரல் உயரத்து ஆளுக்கு மூக்குக்கண்ணாடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அதன் மேல்வழியாக எதிராளியை முறைப்பேனாம். நாற்பத்தாறு வயதுவரை இது எனக்கே தெரியாது. யாரும் சொன்னதில்லை. சொல்ல யாருக்குத் தைரியம் இருந்தது என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவள் நெய்வேலியில் எங்களுக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்தவள். வாயால் சொல்லவில்லை. ஒருநாள் மத்தியானம் கொல்லைச் சுவருக்கு மேலே கையை நீட்டி ஒரு களிமண் பொம்மையை என் உள்ளங்கையில் வைத்தாள். கட்டைவிரல் உயரம்தான். நீலப் புடவை, கையில் தூக்குவாளி, மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே என்னை முறைக்கும் இரண்டு கண்கள். முகமே கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். அதற்குள் எப்படித்தான் என் முறைப்பைக் கொண்டுவந்தாளோ!

“அடிப்பாவி, இது நான்தானே!” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“கோவிச்சிக்காதீங்கக்கா. பால்காரரு கிட்ட சண்ட போட்டுகினு இருந்தீங்களே, அப்ப பாத்து வச்சிகினேன்” என்றாள்.

அந்த வருடம் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கும் முறை எங்கள் அன்பியத்துக்கு வந்திருந்தது. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் பதினைந்து இருபது சேர்ந்து, வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பதுதான் அன்பியம். ஜெபம் அரைமணி நேரம், டீயும் பேச்சும் ஒன்றரை மணி நேரம். குடில் என்றால் எல்லா வருடமும் ஒரே மாதிரிதான். வைக்கோல் கூரை, நனைத்து மடக்கிய சாக்கில் மலை, தட்டில் முளைக்கவிட்ட கேழ்வரகுப் புல், அதன்மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்ட பனி.

“நெய்வேலிக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? நம்ம மொட்டை மாடியில விழுறது கரித்தூள்தானே?” என்று கூட்டத்தில் நான் எரிந்து விழுந்தேன். குறை சொல்ல எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அவள்தான் மூலையிலிருந்து மெதுவாகச் சொன்னாள். “இடையருங்க ராவெல்லாம் முழிச்சிகினு காவல் காத்தாங்கன்னுதான பைபிள்ல இருக்குது? அப்ப அவங்க நைட் ஷிஃப்ட் ஆளுங்கதான? நம்ம ஊருல நைட் ஷிஃப்ட்டுன்னா மைன்ஸு. மைன்ஸையே வச்சிட்டா என்ன?”

எங்கள் பங்குச் சாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்போ வானதூதர் சைரன் ஊதட்டும்” என்றார். அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஆண்கள் சுரங்கத்தைக் கட்டினார்கள். சாக்கும் களிமண்ணும் வைத்துப் படிப்படியாக இறங்கும் பள்ளம். சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி கன்வேயர் பெல்ட். மேல்படியில் மண் வெட்டும் பெரிய எந்திரம், அதன் சக்கரத்தைச் சுற்றிப் பக்கெட்டுகளுக்குப் பதில் சோடா மூடிகள். அடியில், நிலக்கரி தெரியும் கடைசிப் படியில், குழந்தை இயேசு. ஆட்களைச் செய்யும் பொறுப்பை மட்டும் அவள் வாங்கிக்கொண்டாள். பண்ருட்டியில் பொம்மை செய்கிறவர்களிடம் போய் வர்ணம் பூசாத மண் உருவங்களை வாங்கிவந்தாள். தலைக்கு மஞ்சள் ஹெல்மெட் வேண்டுமே, என்ன செய்யப்போகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறைக்குப் போய்ப் பட்டாணிப் பருப்பு டப்பாவை எடுத்துவந்தாள். உடைத்த பட்டாணி ஒன்றை ஒரு பொம்மையின் தலையில் கவிழ்த்து ஒட்டினாள். அளவும் நிறமும் கடையில் சொல்லிச் செய்தது போல இருந்தன. எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

எங்கள் அன்பியத்தில் சுரங்கத்துக்குப் போகிற ஆண்கள் ஒவ்வொருவரும் அந்தக் குடிலில் இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். பொத்தாம் பொதுவான ஆட்களாக இல்லை. அவரவர் முகத்தோடு, அவரவர் நிற்கும் இடத்தில். கொண்டைக்கடலை அளவு முகத்தில் மீசையை வைத்து எத்தனை பேரைப் பிரித்துவிட முடியும்? கண்ணாடியை வைத்துத்தான் பிரித்தாள். அவள் கம்மாபுரம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தபின் பஜாரில் ஒரு கண்ணாடிக் கடையில் நாலைந்து வருடம் பிரேம் மாட்டும் வேலை பார்த்தவள். யார் எதிரே வந்தாலும் முதலில் கண்ணாடியைப் பார்ப்பாள், பிறகுதான் முகம். “அந்த ஹிந்தி டீச்சரா? கோல்டு பிரேமு. இடது காது ஒரு நூலு ஏத்தம், அதான் எப்பவும் சாஞ்சிகினு இருக்கும்” என்பாள்.

அந்த டிசம்பரில் மத்தியானமெல்லாம் நான் அவள் வீட்டில்தான் கிடந்தேன். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், அதன்மேல் சோற்றுத் தட்டைக் கவிழ்த்து அதில் பொம்மைகளை நிறுத்தியிருப்பாள். முதலில் மோட்டார் காயிலின் செம்புக் கம்பியை வளைத்துக் கண்ணாடி செய்துபார்த்தாள். மாட்டுவண்டிச் சக்கரத்தை மூஞ்சியில் கட்டியது போல இருந்தது. பிய்த்து எறிந்தாள்.

“கம்பியில போட்டா கண்ணாடிதான் தெரியுது, ஆளு தெரியமாட்டேங்கறான்” என்றாள்.

பிறகு வர்ணத்திலேயே போட ஆரம்பித்தாள். இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை வாங்கி, அதிலும் பிளேடால் பாதி முடியைச் சீவிவிட்டாள். நான் நினைத்தேன், கண்ணை வரைந்து அதைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம் போட்டால் கண்ணாடி ஆகிவிடும் என்று. அப்படிப் போட்டுக் காட்டவும் செய்தேன். திருடன் போலீஸ் விளையாட்டில் திருடனுக்குக் கரி பூசியது போல வந்தது. அவள் சிரிக்காமல் வாங்கித் துடைத்தாள். கறுப்பைத் தொடவே மாட்டாளாம். அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம்தான். வட்டத்தை முழுசாக முடிக்க மாட்டாள். மேல்பக்கம் கோடு கொஞ்சம் அழுத்தமாக, பக்கவாட்டில் மெலிந்து, அடியில் இருந்தும் இல்லாமலும். அதற்குக் கீழே கன்னத்தில் தோல் நிறத்தைவிட அரைச் சாயல் கூடுதலாக ஒரு நிழல். அந்த நிழல் விழுந்ததும் கண்ணாடி முகத்தைவிட்டு எழுந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்து நின்றது. கடைசியில் இரண்டு கண்ணாடியிலும் ஒரே பக்கம், ஒரே சாய்வில் ஒரு வெள்ளைப் புள்ளி. குடிலில் விளக்கு எந்தப் பக்கம் வரப்போகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டுத்தான் அந்தப் புள்ளியை வைத்தாள். காய்ந்தபிறகு குண்டூசி முனையால் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. முகம் மங்கலாக இருக்க, கண்ணாடி மட்டும் பளபளத்தது.

“சேசுவே, மூச்சு விடறியா நீ?” என்று கேட்டேன்.

“கோடு போடும்போது வுடறதில்லக்கா. முடிச்சிட்டுத்தான் வுடுவேன்.”

அதையெல்லாம்விட என்னை அசத்தியது வேறொன்று. எல்லாக் கண்ணாடிக்குள்ளும் ஒரே அளவில் கண் வரைய மாட்டாள். கிட்டத்தில் இருப்பது தெரியாமல் பிளஸ் பவர் போட்டவர்களுக்குக் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக வரைவாள். தூரத்தில் இருப்பது தெரியாமல் மைனஸ் போட்டவர்களுக்குச் சின்னதாக. “மைனஸ் கண்ணாடி வழியா பாத்தா கன்னத்து ஓரம் உள்ள தள்ளி ஒடிஞ்ச மாதிரி தெரியும்க்கா. எவ்ளோ ஒடியுதோ அவ்ளோ பவரு” என்று சொல்லிக்கொண்டே ஒரு பொம்மையின் கன்னக் கோட்டை, கண்ணாடிக்குள் வரும் இடத்தில் மட்டும், ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வரைந்தாள். அந்தப் பொம்மை, சுரங்க வேலை போக மீதி நேரத்தில் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற எங்கள் உபதேசியார். அவருடைய சோடாபுட்டி அப்படியே வந்துவிட்டது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று எழுந்தேன். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் அந்த மண் வெட்டும் எந்திரத்தின் ஆபரேட்டர். நாலைந்து மாடி உயரத்தில் கேபினில் உட்கார்ந்து, வீட்டைவிடப் பெரிய சக்கரத்தை ஓட்டுகிறவர். அந்த நாற்காலிதான் அவருக்கு எல்லாமே. எங்கள் கல்யாண ஆல்பத்தைக் காட்டுவதற்கு முன்னால் அந்த எந்திரத்தின் போட்டோவைக் காட்டுவார். அப்படிப்பட்டவருக்குத் தூரப்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடி போட்டால் எந்திரத்திலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டுப் பயந்துபோனார். டவுன்ஷிப்பில் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பஸ் ஏறிப் பண்ருட்டிக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கினார். மைனஸ் மூன்று. அதை வீட்டுக்குள் மட்டும் போடுவார். வெளியே போனால் பேன்ட் பாக்கெட்டில் கூடுக்குள் கிடக்கும், எடுக்கவே மாட்டார். வேலையிலும் போடுவதில்லை. “சக்கரம் தெரியுது, மண்ணு தெரியுது, அது போதும்” என்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. எனக்குப் படிக்கிற கண்ணாடி வாங்கக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் பார்த்து வரிவரியாக ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அவர் அதை மனப்பாடம் செய்தார். குளிக்கும்போது குளியலறையிலிருந்து இங்கிலீஷ் எழுத்துகளாக வரும், ஜெபமாலை சொல்வது போல. கம்பெனி மெடிக்கல் பரிசோதனையில் அதையே ஒப்பித்துவிட்டு வந்தார். தப்பு ஆஸ்பத்திரியுடையது இல்லை, எங்களுடையது. அன்றைக்கு நான் கேசரி கிண்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருடம் இப்படி ஓடியது. பைக் ஓட்டுவதை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஷிஃப்ட்டுக்குப் போனார். தெருவில் எதிரே வருவது யாரென்று தெரியாததால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்துவைப்பார். “உங்க வீட்டுக்காரருக்கு என்ன பணிவு!” என்று என்னிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்!

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் பொம்மைகளை எண்ணி எடுத்துப்போக அவள் வீட்டுக்குப் போனேன். முறத்தில் பழைய பேப்பர் விரித்து வரிசையாக நிறுத்தியிருந்தாள். அத்தனை பேரும் பட்டாணி ஹெல்மெட்டோடு என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் உட்கார்ந்த நிலையில் ஒன்று. கேபினுக்குள் வைக்க. என் வீட்டுக்காரர். அதே சப்பை மூக்கு, அதே நெற்றி. மெல்லிய சதுரக் கண்ணாடி. உள்ளே கண்கள் சின்னதாக. கன்னக் கோடு உள்ளே ஒடிந்திருந்தது. பண்ருட்டிக் கண்ணாடி, மைனஸ் மூன்று, அச்சு அசலாக.

“இது ஏது உனக்கு?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் சந்தோஷமாகச் சொன்னாள். “தானே புயலுக்கப்புறம் வச்சீங்களே அந்த முருங்க, அதுல காய் பறிக்கறப்ப அண்ணன் போட்டுகினு இருந்தாரு. எவ்ளோ நல்லா இருக்குது அவருக்கு! வெளிய ஏன் போடறதில்ல?”

எனக்கு வந்ததே கோபம்! “பக்கத்து வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்க்கிறதுதான் உனக்கு வேலையா? நாளைக்கு எங்க வீட்டுக்காரரோட செக்சன் இன்ஜினியர் குடும்பத்தோட குடில் பார்க்க வர்றார். அவர் கண்ணுல இது பட்டா என்ன ஆகும் தெரியுமா? எங்க வாயில மண்ணைப் போடத்தான் ஒரு மாசமா உட்கார்ந்து வரைஞ்சியா?” என்று ஆரம்பித்து, எழுத்து அட்டை வரைக்கும் கொட்டிவிட்டேன். கோபத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிற ஜாதி நான்.

அவள் முகம் வெளுத்துப்போனது. பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“அப்ப வேலையில அண்ணன் கண்ணாடி போடறதே இல்லீங்களா?”

“இல்ல.”

“அவ்ளோ ஒசரத்துல உக்காந்துகினு, கீழ நிக்கறவங்கள எப்டிக்கா தெரியும் அவருக்கு?”

அவள் முறத்திலிருந்து இன்னொரு பொம்மையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். ஒல்லியான ஆள், கண்ணாடி இல்லை, இரண்டு கையாலும் ஒரு கறுப்புக் கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறான். அவளுடைய வீட்டுக்காரர். எந்திரத்துக்குக் கரண்டு வருகிற கேபிள் தரையில் கிடக்கும். எந்திரம் நகரும்போது அது சிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. என் வீட்டுக்காரர் ஓட்டுகிற எந்திரத்தின் காலடியில், அதே ஷிஃப்ட்டில்.

“எங்கூட்டுக்காரரு கீழதாங்க்கா நிக்கறாரு” என்றாள்.

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவள் போடவில்லை. மூன்று வருடமாக என் வீட்டுக்காரரின் நாற்காலியைப் பற்றி மட்டும்தான் நான் கவலைப்பட்டிருக்கிறேன். அந்த நாற்காலிக்குக் கீழே ஒரு மனிதர் நிற்கிறார், அவர் பைக்கில்தான் இவர் போகிறார், அவர் பெண்டாட்டி கையால்தான் நான் டீ குடிக்கிறேன் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கண் மங்கியது அவருக்கு. எனக்கு என்ன கேடு?

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு தீப்பெட்டி. திறந்து காட்டினாள். பஞ்சுக்குள் என் வீட்டுக்காரர் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஒருவர் கண்ணாடியோடு. இன்னொருவர் புதிதாகச் செய்த வெறுங்கண்.

“கண்ணாடி இல்லாம ஒண்ணு செஞ்சிட்டேன். அது அண்ணன் மாதிரி இல்லக்கா, யாரோ மாதிரிதான் இருக்குது. எது வேணுமோ நீங்களே வைங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன், எங்கூட்டுக்காரருகிட்ட கூட” என்றாள். கண் சிவந்திருந்தது. வர்ணத்தை உற்றுப் பார்த்ததாலா, அழுததாலா என்று நான் கேட்கவில்லை.

அவளுடைய புருஷனின் உயிர் அந்தக் கேபினுக்குக் கீழே நிற்கிறது. ஆத்திரப்பட அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவளோ அரை நாளில் இன்னொரு பொம்மை செய்து, முடிவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுடைய கைத்திறமையை ஒரு மாதமாக வியந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அவளையே வியந்தேன். வியந்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? கோயிலுக்குப் போய் வெறுங்கண் பொம்மையைக் கேபினில் வைத்தேன். கண்ணாடி போட்டதைத் தீப்பெட்டியோடு கைப்பையில் போட்டுக்கொண்டேன். பயம் அப்படிப்பட்டது.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் குடில் முன்னால் ஒரே கூட்டம். யாரும் கை வைக்காதபடி எட்டடி தள்ளிக் கயிறு கட்டியிருந்தோம். குடிலைப் பார்க்க எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். செக்சன் இன்ஜினியரும் மனைவியோடு வந்து கயிற்றோரம் நின்றார். “ஏய், அது நம்ம உபதேசியார்டா! சோடாபுட்டியைப் பாரு!” என்று ஒரே கூச்சல். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டித் தன்னைத் தானே பார்த்துக்கொண்டார். ஒரு அம்மாள் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுக்காரர் கண்ணாடியில ஒரு பக்கம் காது உடைஞ்சி நூல் கட்டியிருக்காரே, அது கூட இருக்குங்க!” என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். தூக்குவாளியோடு குடிலில் நின்ற என் பொம்மையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. போட்டோ எடுத்து எடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள். அவள் ஒரு தூணோரமாக நின்றாள். யார் பாராட்டினாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்று குடிலைப் பார்த்துப் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

அப்போது அவளுடைய வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, நான் இருக்கறேன் பாத்தீங்களா? கேபிள புடிச்சிகினு உங்களயே அண்ணாந்து பாத்துகினு நிக்கறேன். தெரியறனா?”

“ம்ம், தெரியுது தெரியுது” என்றார் இவர்.

“எந்தப் பக்கம் நிக்கறேன், சொல்லுங்க பாப்பம்!” என்று அவர் சிரித்தார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

என் வீட்டுக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. குடிலைப் பார்த்தார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். கயிற்றின்மேல் வயிறு அழுந்தக் குனிந்தார். பக்கத்தில் நிற்கிற மனிதரை ஒரு தரம் பார்த்தார். அந்த முகம் இரண்டடி தூரத்தில் இருந்தது, அது தெரிந்திருக்கும். மறுபடியும் குடிலைப் பார்த்தார். இடது பக்கம் என்று காதில் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எழுத்து அட்டையை எழுதிக்கொடுத்தவள்தானே நான்?

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டார். கூட்டை எடுத்தார். கண்ணாடியை விரித்து, நிதானமாக, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஆனதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருடம் பிறந்ததும் தானாகவே போய்க் கண் பரிசோதனை கேட்டார். எந்திரத்திலிருந்து இறக்கினார்கள். கொஞ்ச நாள் டூல் ரூமில் உட்கார்ந்தார், பிறகு தரையில் வேலை. மறுபடி அந்த நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை. ஈஸ்டர் வரைக்கும், தவக்காலம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. எந்திரத்தின் போட்டோ ஆல்பத்துக்குள் போய்விட்டது. ஆனால் ரிட்டையர் ஆகும்வரை, கேபினுக்குப் புதுப் பையன் யார் வந்தாலும் இவர் முதலில் கேட்பது “கண்ணு எப்படிப்பா?” என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரரும் இவரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பைக்கை இவர் ஓட்டினார்.

அன்றைக்குக் கயிற்றோரம் நின்று இவர் குடிலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இடது பக்கம்” என்றார். “சக்கரத்துக்குக் கிட்டக்கவே நிக்கறே. இவ்வளவு கிட்டக்கவா நிப்பே?”

“தெனமும் அங்கதாண்ணே நிக்கறேன்” என்றார் அவர்.

இவர் பார்வை மேலே கேபினுக்குப் போனது. அங்கே வெறுங்கண்ணோடு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தார். பிறகு தூணோரம் நின்றவள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, எல்லாருக்கும் போட்டிருக்கே. என் கண்ணாடி எங்க?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கைப்பையைத் திறந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். கயிற்றுக்கு அடியில் நுழைந்து, ஒரு ஆளையும் தட்டிவிடாமல் படிகளைச் சுற்றிப்போய், வெறுங்கண்ணை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டவரைக் கேபினில் உட்காரவைத்தாள். விளக்கு வெளிச்சம் சரியாக அந்த இரண்டு வெள்ளைப் புள்ளியில் பட்டது.

இன்ஜினியர் பொம்மையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “அருமையா இருக்கு. அப்படியே நீங்கதான்” என்றார். பிறகு, “கண்ணாடி புதுசா? போட்டுப் பார்த்ததே இல்லையே” என்றார்.

“புதுசு இல்ல சார்” என்றார் என் வீட்டுக்காரர். “வாங்கி மூணு வருஷம் ஆச்சு.”